அனாமத்துக் கணக்கு: ராத்திரி மூன்று மணி எண்ணங்களை என்ன செய்வது

ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் அனுப்பிவிட்டேன். கணக்குப் பிரிவில் 22 வருஷம் உட்கார்ந்தவன் செய்யக்கூடாத தப்பு. ஆறு இலக்கத் தொகை. அதைத் திரும்ப வாங்க நான்கு மாதம் ஆனது. அதற்குள் என் மேலதிகாரி எல்லாருக்கும் முன்னால் ஒரு வாக்கியம் சொன்னார். பணம் வந்து சேர்ந்தது, கணக்கு நேரானது, சொன்னவரும் மறந்திருப்பார். அந்த வாக்கியம் மட்டும் தினமும் ராத்திரி மூன்று மணிக்கு என்னை எழுப்பியது.

கொஞ்ச நாளில் அது அவர் குரலை விட்டுவிட்டு என் குரலுக்கு மாறியது. அடுத்தவர் திட்டினால் எதிர்த்துப் பேசவாவது தோன்றும். நம் குரலிலேயே வந்தால் நியாயம் மாதிரி இருக்கும். “நீ எதற்கும் லாயக்கில்லை” என்று ஆரம்பிக்கும். அப்புறம் வேலை போகும், பிள்ளைகள் படிப்பு நிற்கும், வீட்டில் மதிப்பு போகும். கடைசியில் “ஆண்டவரே உன்னைக் கைவிட்டுவிட்டார், இல்லாவிட்டால் இப்படி நடக்குமா” என்கிற இடத்தில் வந்து நிற்கும். அதற்குள் மணி நாலரை.

நான் விசுவாசிதான். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவன், வேதம் வாசிக்கிறவன். எனக்குத் தெரிந்த மருந்தையெல்லாம் போட்டுப் பார்த்தேன். இயேசுவின் நாமத்தில் கடிந்துகொண்டேன். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு படுத்தேன். வாக்குத்தத்த அட்டையைத் தலையணைக்குக் கீழே வைத்தேன். எதிர்மறையாக ஒரு வார்த்தைகூட வாயில் வரக்கூடாது என்று சபையில் ஒருவர் சொன்னார்; அதையும் செய்தேன். வாய் மூடியிருந்தது, உள்ளே சத்தம் கூடியது.

பிறகு எது உதவியது என்பதை எழுதுகிறேன். நான் போதகரும் அல்ல, மனநல மருத்துவரும் அல்ல. கணக்கு எழுதுகிறவன். அதனால் இந்த வழியிலும் கணக்குப்பிள்ளை வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உடம்பைக் கேளுங்கள்

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து வையுங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய காரியம் நடந்த கையோடு எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே” என்கிறார்; சாக வேண்டும் என்று கேட்கிறார். அவருக்கு அப்போது யாரும் பிரசங்கம் பண்ணவில்லை. “உன் விசுவாசம் எங்கே” என்று யாரும் கேட்கவில்லை. தூதன் தட்டி எழுப்பிச் சொன்னது “எழுந்திருந்து போஜனம்பண்ணு” என்பதுதான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார். மறுபடியும் எழுப்பி மறுபடியும் சாப்பாடு. அவருடைய எண்ணத்தில் என்ன பிழை என்று கர்த்தர் பேச ஆரம்பிப்பது, அதற்கு 40 நாள் கழித்து, ஓரேப் மலையில்.

அந்த வரிசையை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். எண்ணம் தாக்கும்போது முதல் கேள்வி: கடைசியாக எப்போது சாப்பிட்டேன்? நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினேன்? நான்கு மணி நேரத் தூக்கத்தோடு ஒருவன் தன் ஆவிக்குரிய நிலைமையைக் கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் அந்தக் கணக்கு தப்பாகத்தான் வரும். என்னுடையது வந்தது.

விரட்ட வேண்டாம், பிடியுங்கள்

எங்கள் சபையில் பல வருஷம் ஞாயிறு பள்ளி நடத்திய ஓர் அக்கா இருக்கிறார். வயதில் என்னைவிட இருபது வருஷம் மூத்தவர். அவரிடம் போய், “எண்ணங்களை எவ்வளவு துரத்தினாலும் திரும்ப வருகிறதே அக்கா” என்று புலம்பினேன். அவர் கேட்டார்: “தம்பி, எந்த எண்ணத்தையும் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படியச் சிறைப்படுத்துகிறோம்னு பவுல் எழுதியிருக்காரே. சிறைப்படுத்துறதுன்னா பிடிக்கிறதா, துரத்துறதா?”

2 கொரிந்தியர் 10:5. எத்தனை முறை மனப்பாடமாகச் சொல்லியிருப்பேன். அந்த வினைச்சொல்லைக் கவனித்ததே இல்லை. திருடனைத் தெருமுனைவரை துரத்தினால் அவன் மறுநாள் ராத்திரி வருவான். பிடித்து உட்காரவைத்தால்தான் பெயர் என்ன, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்க முடியும்.

மனோதத்துவக்காரர்களுக்கும் இது தெரிந்த விஷயம். 1987-இல் டேனியல் வெக்னர் என்பவர் செய்த ஒரு சோதனையில், வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று சிலரிடம் சொன்னார்கள். கரடி திரும்பத் திரும்ப வந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது இன்னும் அதிகமாக வந்தது. நான் மாதக்கணக்கில் கரடி துரத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிடிப்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி எழுதுவது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில். கைபேசியில் எழுதாதீர்கள், மூன்று மணிக்குக் கைபேசியை எடுத்தவன் நோட்டோடு நிறுத்தமாட்டான், நான் பட்டு அறிந்தது.

எழுதும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஒரே வாக்கியம். இரண்டு, எண்ணம் எந்த வார்த்தையில் வந்ததோ அதே வார்த்தை. “மனசு சரியில்லை” என்று எழுதினால் பிரயோஜனமில்லை. “நீ எதற்கும் லாயக்கில்லை, எல்லாருக்கும் அது தெரியும்”: இதுதான் எண்ணம். அசிங்கமாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். ஆண்டவருக்குக் கேட்காத வார்த்தை ஒன்றும் இல்லை. யோபின் மூன்றாம் அதிகாரத்தை வாசித்தால் உங்கள் வாக்கியம் சாதுவாகத் தெரியும்.

எழுதிவிட்டு விளக்கை அணையுங்கள். அந்த நேரத்தில் பதில் தேட வேண்டாம். விசாரணை பகலில்.

வவுச்சர் எங்கே?

காலையில், தியான நேரத்தில், வேதத்தோடு நோட்டையும் எடுத்துக்கொள்வேன். வவுச்சர், அதாவது ஆதாரச் சீட்டு, இல்லாமல் எந்தத் தொகையும் பேரேட்டில் ஏறாது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. எண்ணத்தையும் அப்படியே கேட்கிறேன்: வவுச்சர் எங்கே?

“எல்லாருக்கும் அது தெரியும்.” சரி, யார் யார்? அந்தக் கூட்டத்தில் ஒன்பது பேர் இருந்தோம். அதில் என்னைத் திட்டியவர் ஒருவர். மீதி எட்டில் நான் ஒருவன். மிச்சம் ஏழு பேர். அந்த ஏழில் இருவர் அதற்கு அடுத்த வாரமே தங்கள் கணக்கை ஒருமுறை பார்த்துத் தரச் சொல்லி என்னிடம்தான் வந்தார்கள். லாயக்கில்லாதவனிடம் கணக்கைக் கொடுப்பார்களா? இந்த வவுச்சர் என் கையிலேயே இருந்திருக்கிறது. ராத்திரி அதைக் காணவில்லை.

எலியாவுக்கும் இதேதான் நடந்தது. ஓரேபில் அவர் இரண்டு தடவை ஒரே கணக்கைச் சொல்கிறார்: “நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்.” கர்த்தர் கடைசியில் கொடுக்கிற எண் ஏழாயிரம். பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடங்காதவர்கள் ஏழாயிரம் பேர். ஒன்றுக்கும் ஏழாயிரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப்பிள்ளை கவனிக்காமல் இருக்க முடியாது. அதைவிட ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. அதற்கு முந்தின அதிகாரத்தில், 18:13-இல், ராஜாவின் அரண்மனை விசாரிப்புக்காரன் ஒபதியா எலியாவின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறான், நூறு தீர்க்கதரிசிகளை ஐம்பது ஐம்பது பேராகக் கெபிகளில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினேன் என்று. ஆக, “நான் ஒருவன்மாத்திரம்” என்று சொன்ன நேரத்தில் அதற்கு எதிரான ரசீது எலியாவிடம் ஏற்கெனவே இருந்தது. துக்கம் ரசீதுகளைத் தொலைக்கும். தீர்க்கதரிசிக்கே தொலைத்திருக்கிறது.

மூன்று தலைப்புகள்

விசாரித்தபின் ஒவ்வொரு எண்ணத்தையும் மூன்றில் ஒரு தலைப்பில் போடுகிறேன்: உண்மை, பொய், தெரியாது. எந்தத் தலைப்பில் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏனென்றால் உண்மைக்குக் கொடுக்க வேண்டிய மருந்தைப் பொய்க்குக் கொடுத்தால் வேலை செய்யாது.

உண்மை என்றால்: “இரண்டு தடவை பணம் அனுப்பினாய்.” ஆமாம், அனுப்பினேன். இதற்கு ஆறுதல் வசனம் தேடி ஓட வேண்டாம். தப்பை ஒத்துக்கொண்டு, சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்ய வேண்டும். 1 யோவான் 1:9 இதற்குப் போதும். பவுல் 2 கொரிந்தியர் 7:10-இல் இரண்டு விதத் துக்கத்தைப் பிரிக்கிறார்: தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலை உண்டாக்கும், லௌகிக துக்கம் மரணத்தை உண்டாக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், தேவனுக்கேற்ற துக்கம் ஒரு குறிப்பிட்ட காரியத்தைக் காட்டும், அதில் நீ செய்ய வேண்டியது ஒன்றையும் காட்டும். மற்றது ஆளையே மொத்தமாகச் சேர்த்துத் தீர்ப்பு எழுதும். “அந்த பில்லைச் சரிபார்க்காமல் விட்டாய்” என்பது முதல் வகை. “நீயே ஒரு தப்பு” என்பது இரண்டாவது வகை; அதற்கு மனந்திரும்ப வழியே கிடையாது, ஏனென்றால் அது எந்தக் காரியத்தையும் சொல்லவில்லை.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸும் “பாவஞ்செய்தேன்” என்று சொன்னான் என்பதை நான் வெகு காலம் கவனிக்கவில்லை. அவன் போய்ச் சொன்ன இடம் பிரதான ஆசாரியர். அவர்கள் சொன்ன பதில்: “எங்களுக்கென்ன, அது உன்பாடு.” அதே ராத்திரி இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவை இயேசுவே கடற்கரையில் தேடிவந்து பேசினார். குற்ற உணர்வை எங்கே கொண்டுபோகிறோம் என்பது முக்கியம். மூன்று மணிக்கு நம் தலைக்குள் உட்கார்ந்திருக்கிற நீதிபதி பிரதான ஆசாரியரைப் போலத்தான் பேசுவான்.

ஒத்துக்கொண்ட பிறகும் அதே எண்ணம் வந்தால்? நோட்டில் பழைய பக்கத்தைத் திருப்பிக் காட்டுவேன்: இந்த பில் அடைக்கப்பட்டுவிட்டது, இன்ன தேதி. ஒரே பில்லுக்கு இரண்டு தடவை கட்டக் கூடாது என்பதை நான் கொஞ்சம் கஷ்டப்பட்டே கற்றவன்.

பொய் என்றால் அதற்கு எதிராக ஒரு உண்மையும் ஒரு வசனமும் பக்கத்தில் எழுதுகிறேன். வசனம் எழுதுவதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான்காம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்ற துறவி, மனிதனைத் தாக்கும் எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்தார். துக்கம் அதில் ஒரு தனி வகை, சோர்வு இன்னொன்று. பிரித்ததோடு விடாமல், இந்த எண்ணம் வந்தால் இந்த வசனத்தைச் சொல் என்று நானூற்றுக்கும் மேற்பட்ட பதில்களைத் தொகுத்துவைத்தார். எண்ணம் இன்னதென்று தெரிந்தபின் அதற்குப் பொருத்தமான பதில். வனாந்தரத்தில் இயேசு செய்ததும் அதுதானே? அப்பத்தைப் பற்றிய சோதனைக்கு அப்பத்தைப் பற்றிய வசனம், வணக்கத்தைப் பற்றிய சோதனைக்கு வணக்கத்தைப் பற்றிய வசனம். அங்கே பிசாசும் 91-ஆம் சங்கீதத்திலிருந்து வசனம் சொன்னான் என்பதையும் மறக்க வேண்டாம். வசனம் என்றாலே சரி என்று ஆகிவிடாது.

என் சொந்தப் பிழை ஒன்று: எரேமியா 29:11. “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” இதைப் பிடித்துக்கொண்டு, இந்த மாதத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன். ஆகவில்லை. வசனமே என்னை ஏமாற்றியது போல் இருந்தது. அக்காதான் முந்தின வசனத்தை வாசிக்கச் சொன்னார். எழுபது வருஷம் பாபிலோனில் நிறைவேறின பின்பு என்று இருக்கிறது. அதற்கும் முன்னால், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்று இருக்கிறது. சீக்கிரம் வெளியே வந்துவிடுவோம் என்று நினைத்த ஜனத்துக்கு, அங்கேயே வாழப் பழகு என்று எழுதின கடிதம் அது. அப்படி வாசித்தபோது எனக்கு அது அதிகமாகவே உதவியது. மூன்று மணி விழிப்பு இன்றைக்கே நிற்க வேண்டும் என்கிற அவசரம் போனது. அவசரம் போனதும் பாதி விழிப்பும் போனது.

அதனால் வசனம் எடுக்கும்போது முன்னும் பின்னும் பத்து வசனம் வாசித்துவிட்டு எடுங்கள். “நீ லாயக்கில்லை” என்பதற்கு நான் எழுதிவைத்திருப்பது 1 யோவான் 3:20: நம் இருதயமே நம்மைக் குற்றவாளிகளென்று தீர்த்தாலும், தேவன் நம் இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார். சகலத்தையும் என்றால் இரண்டு தடவை போன பணத்தையும்தான், ஒழுங்காகப் போன இருபத்திரண்டு வருஷப் பணத்தையும்தான்.

அனாமத்து

மூன்றாவது தலைப்புதான் பெரியது. என் நோட்டில் முக்கால்வாசி இதில்தான் வரும். “வேலை போய்விட்டால்?” “இந்த வலி பெரிய வியாதியாக இருந்தால்?” “மகன் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டால்?” இவை உண்மையும் அல்ல, பொய்யும் அல்ல. நடக்காதவை. வவுச்சரே இருக்க முடியாது.

கணக்கில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு தொகை வந்திருக்கும் அல்லது குறைந்திருக்கும். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அன்றைக்குத் தெரியாது. அதற்காக அன்றைய கணக்கை மூடாமல் விடியவிடிய உட்கார்ந்திருக்க மாட்டோம். அனாமத்துக் கணக்கு என்று ஒன்றைத் திறந்து, அதில் எழுதிவிட்டு, கணக்கை மூடிவிட்டு வீட்டுக்குப் போவோம். மறைப்பதோ மறப்பதோ இல்லை, அது எழுதப்பட்டிருக்கிறது. தகவல் வரும்போது எடுத்து உரிய தலைப்பில் போடுவோம்.

என் நோட்டின் கடைசிப் பக்கங்கள் அனாமத்து. ஒரு பதிவு எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். தேதி போடுவேன். “அம்மாவின் பரிசோதனை முடிவு மோசமாக வந்தால்?” என்று பயத்தை ஒரு வரியில் எழுதுவேன். அதற்குக் கீழே, “நாளைக்கு நான் செய்யக்கூடியது” என்று ஒரு வரி: “காலை ஒன்பது மணிக்கு மருத்துவரைக் கூப்பிட்டு முடிவு எப்போது வரும் என்று கேட்பது.” அதற்கும் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே “கர்த்தர் வசம்” என்று எழுதிவிட்டு, வாய்விட்டு ஒரு சின்ன ஜெபம்: “ஆண்டவரே, கோட்டுக்கு மேலே இருப்பது என் வேலை. கீழே இருப்பது உம்முடையது.” அவ்வளவுதான். நீட்டாதீர்கள். கவலையை ஜெபத்தின் தொனியில் இன்னொரு முறை ஓட்டிப்பார்ப்பது ரொம்ப சுலபம். அரை மணி நேரம் அப்படி “ஜெபித்துவிட்டு” படுக்கும்முன் இருந்ததைவிட அதிகக் கவலையோடு எழுந்த ராத்திரிகள் எனக்கு உண்டு.

“உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்” என்று 1 பேதுரு 5:7-இல் இருக்கிறதே, அந்த “வைத்துவிடுங்கள்” என்பதற்கு மூலபாஷையில் உள்ள கிரேக்க வினை புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே இடத்தில்தான் வருகிறது: லூக்கா 19:35, கழுதைக்குட்டியின்மேல் தங்கள் வஸ்திரங்களைப் போட்டார்கள் என்கிற இடத்தில். துணியைத் தூக்கி அதன் முதுகில் போடுவது. போட்டபின் அந்தத் துணியைக் கழுதைதான் சுமக்கும். பெரிய ஆவிக்குரிய அனுபவம் எதுவும் வரவேண்டும் என்று காத்திருக்க அதில் ஒன்றும் இல்லை.

அனாமத்துக்கு ஒரு விதி உண்டு. திறந்து பார்க்காமல் வருஷக்கணக்கில் போட்டுவைத்தால் அது ஊழலுக்கு வழி. மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து பார்க்கிறேன். பல வரிகள் எதைப் பற்றியவை என்றே நினைவில்லை. சிலவற்றுக்குப் பக்கத்தில் “நடக்கவில்லை” என்று எழுதி அடிக்க முடிகிறது. ஆனால் எல்லாமே இப்படி நல்லபடியாக முடியும் என்று சொன்னால் நான் பொய்யன். அம்மாவின் பரிசோதனை முடிவு மோசமாகத்தான் வந்தது. பயந்தது நடந்தது. எட்டு மாதத்தில் அம்மா போய்விட்டார். அந்தப் பதிவை எடுத்து எந்தத் தலைப்பில் போடுவதென்று தெரியாமல் அன்றைக்கு நோட்டை மூடிவிட்டேன்.

ஒன்று மட்டும் தெரிந்தது. முன்கூட்டி ராத்திரி ராத்திரியாக நான் நடத்திப்பார்த்த மரணங்கள் ஒன்றுகூட நிஜமான அந்த நாளுக்கு என்னைத் தயார் செய்யவில்லை. அந்த நாளுக்குத் தேவையானது அந்த நாளில்தான் வந்தது: ஒரு தங்கை, ஒரு செவிலியர், அம்மா கடைசியாகக் கேட்ட 23-ஆம் சங்கீதம். “அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்” என்பதை நான் அதுவரைக்கும் ஒரு புத்திமதியாகத்தான் வாசித்திருந்தேன்.

முறையிடப் பழகுங்கள்

நோட்டு மட்டும் போதாது. எழுதிய எண்ணத்தை யாரிடம் சொல்வது? ஆண்டவரிடமே. துதிக்குமுன் முறையிட நம்மில் பலருக்குக் கூச்சம். சங்கீதக்காரனுக்கு அந்தக் கூச்சம் இல்லை. 42, 43-ஆம் சங்கீதங்களில் ஒரே கேள்வி மூன்று முறை வருகிறது: “என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?” ஒரு தடவை கேட்டதும் கலக்கம் போய்விட்டிருந்தால் இரண்டாவது, மூன்றாவது தடவைக்கு வேலையே இல்லை. 88-ஆம் சங்கீதம் விடியாமலே முடிகிறது. கடைசி வரியிலும் நண்பர்கள் விலகிப்போனதுதான் இருக்கிறது. அதையும் தள்ளாமல் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். துதிக்க முடியாத ராத்திரியில் நான் அதைத்தான் வாசிக்கிறேன், சத்தமாக.

கெத்செமனேயில் இயேசு மூன்றாந்தரமும் “அந்த வார்த்தைகளையே” சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். புது வார்த்தை தேட வேண்டியதில்லை. வார்த்தையே வராவிட்டால், இயேசு சொன்ன உவமையில் வரும் ஆயக்காரனின் “தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்” போதும். மூச்சை இழுக்கும்போது முதல் பாதி, விடும்போது மறுபாதி. கிழக்கத்திய சபைகளில் இதையொத்த இயேசு ஜெபத்தை நூற்றாண்டுகளாக இப்படித்தான் சொல்லிவருகிறார்கள்.

நோட்டில் எழுதக் கூடாத எண்ணங்கள்

தேவதூஷணமான வார்த்தைகள், நாம் வெறுக்கிற அருவருப்பான காட்சிகள் திடீரென்று மின்னல் மாதிரி வந்துபோகும். பக்தியுள்ளவர்களை இது அதிகமாக வாட்டும், ஏனென்றால் அவர்கள்தான் அதற்குப் பயப்படுகிறார்கள். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் போதகரும் எழுத்தாளருமான ஜான் பனியனுக்கு “அவரை விற்றுவிடு, விற்றுவிடு” என்று கிறிஸ்துவைக் குறித்து ஓர் எண்ணம் ஓயாமல் வந்திருக்கிறது. இந்த வகையை எழுதி விசாரிக்காதீர்கள். விசாரணைதான் அதற்குத் தீனி. ரயில் போகிறதைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுக் கையிலுள்ள வேலையைத் தொடருங்கள். திரும்பத் திரும்பப் பாவ அறிக்கை செய்தாலும் தீரவில்லை, கையை நூறு தடவை கழுவுகிற மாதிரி ஜெபிக்க வேண்டியிருக்கிறது என்றால், அது ஒரு வியாதி. அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் அப்படித்தான் தவித்தார். அறிக்கையிட்ட பாவங்களையே மறுபடி மறுபடி அறிக்கையிட்டு, தன்னை மாய்த்துக்கொள்ளலாமா என்கிற அளவுக்குப் போய் மீண்டவர். அவர் பின்னால் எழுதிவைத்த ஒரு விதியை நான் சுவரில் ஒட்டியிருக்கிறேன்: உள்ளம் வறண்டு இருண்டிருக்கும் காலத்தில், அதற்குமுன் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. நான் மூன்று ராஜினாமா கடிதம் எழுதியவன். மூன்றும் ராத்திரி எழுதியவை. நல்லவேளை, எதையும் அனுப்பவில்லை.

மருத்துவரிடம் போவது

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் ஆசையில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். நான் போனேன். ஒன்பது மாதம் மாத்திரை சாப்பிட்டேன். “ஜெபத்தில் குறைவு” என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்று எழுதின பவுல், ஜெபம் தெரியாதவரா? லூக்கா வைத்தியர்தானே? 1856 அக்டோபரில் லண்டனில் புகழ்பெற்ற போதகர் சார்லஸ் ஸ்பர்ஜன் பிரசங்கித்துக்கொண்டிருந்த அரங்கில் யாரோ “நெருப்பு” என்று கத்த, நெரிசலில் ஏழு பேர் செத்தார்கள். அப்போது அவருக்கு வயது 22. அந்த அடி அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை. தன் மனச்சோர்வைப் பற்றிப் பிரசங்கபீடத்திலிருந்தே பேசியிருக்கிறார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

“நான் இல்லாமல் போனால் நல்லது” என்கிற எண்ணம் வந்தால் இந்த நோட்டு, வவுச்சர், அனாமத்து எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிடுங்கள். காலைவரை காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்புங்கள், நண்பரைக் கூப்பிடுங்கள், அவசர உதவி எண்ணுக்குப் பேசுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள். எழுப்பினால் கோபித்துக்கொள்வார்களோ என்று யோசிக்காதீர்கள். கெத்செமனேயில் இயேசுவே, “என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது” என்று சொல்லி, தூங்கிப்போன சீஷர்களை எழுப்பியிருக்கிறார்.

நான் என் மனைவியை எழுப்பியது ஒரே ஒரு ராத்திரி. எழுந்து உட்கார்ந்து, எதுவும் கேட்காமல், நான் சொல்வதை முழுக்கக் கேட்டாள். கடைசியில், “இதை இத்தனை மாசம் தனியாவா வெச்சிருந்தீங்க?” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போதும் மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது, மாதத்துக்கு நாலைந்து தடவை. நேற்றும் வந்தது. இந்தக் கட்டுரையைப் பாதி எழுதி வைத்துவிட்டுப் படுத்திருந்தேன். இருட்டில் பென்சிலைத் தேடி எழுதிய வரி இன்று காலையில் பார்த்தால் கோணல்மாணலாக இருக்கிறது: “இதை எழுதி யாருக்கு என்ன பிரயோஜனம்?” வவுச்சர் ஒன்றும் கிடைக்கவில்லை. அனாமத்தில் போட்டிருக்கிறேன்.